டவர் வளைவில் ஒரு ரகசிய விசாரணை

சட்டம் படித்தவர்கள் வேறு, சட்டச் செய்திகளைப் படித்தவர்கள் வேறு. இந்த வித்தியாசம் எழுபது வயதை நெருங்கும்வரை எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்துகொண்ட விதத்தை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் என் மனைவி சரோஜா சொல்லிவிடுகிறாள். அவள் சொல்லும்போது நான் இன்னும் மோசமாக இருக்கிறேன்.

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றபின், கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டியில் வீடு கட்டினேன். மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டேன். மீதி நேரமெல்லாம் செய்தித்தாள். அதிலும் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் வழக்குகள் என்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். போனின் விளிம்பு வளைவு யாருக்குச் சொந்தம் என்று ஒரு காப்புரிமை வழக்கு. தேடினால் தன் கடையையே முதலில் காட்டுகிறது என்று ஒரு போட்டிச் சட்ட வழக்கு. நாம் போவதையும் வருவதையும் வேவு பார்க்கிறது என்று ஒரு தனியுரிமை வழக்கு. எங்கோ ஒரு வெளிநாட்டு நீதிபதி அபராதம் விதித்தால், என் வாதத்தை ஏற்றுக்கொண்டுதான் விதித்தார் என்பதுபோல டீக்கடையில் போய் விளக்குவேன். (டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். பாட்டுப் பிரியர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

இந்த அறிவுக்கு முதல் பலி யோகம்மா. எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில் இருப்பவர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் கூலி வேலை பார்த்தவர்கள். யோகம்மாவும் காரட் தோட்டத்தில் குனிந்து குனிந்து நிமிர்ந்தவர். கணவர் இறந்தபின், வீட்டின் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டுப் பிழைத்துவந்தார். யார் வந்தாலும் முதலில் தேத்தண்ணி கொடுப்பார். அதாவது பால் சேர்க்காத இஞ்சித் தேநீர். அதில் இனிப்பு இருக்காது. உங்கள் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைப்பார், அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். பெங்களூர்ப் பிள்ளைகள் அதைப் படம் எடுத்துப் போடுவதற்காகவே வருவார்கள்.

எல்லாரும் வருவது ஒரு முன்பதிவுச் செயலி வழியாக. அந்த நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், கொடைக்கானலில் தானே அறைகள் நடத்தி, அவற்றையே பட்டியலில் மேலே காட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஏகபோகத்தை எதிர்த்து அறப்போர் தொடங்கினேன். எங்கே? என் வீட்டில் அல்ல, யோகம்மா வீட்டுக் கூடத்தில்.

ஒரு பலகையில் அழகான ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தேன். ‘மாண்புமிகு விருந்தினரே, அடுத்த முறை இடைத்தரகரை அறவே தவிர்த்து, எம்மை நேரடியாக அழைத்துக் கௌரவியுங்கள்’ என்பது அதன் பொருள். செயலியின் விதிப்படி இது பெருங்குற்றம்.

“என்ன சார் எழுதியிருக்கு?” என்று யோகம்மா கேட்டார்.

“நன்றி, மீண்டும் வருக” என்றேன்.

(உண்மையைச் சொன்னால் பயந்து மறுத்துவிடுவார் என்பது என் யூகம். அவருடைய நன்மைக்காக அவரிடமே பொய் சொன்னேன்.)

பங்குனி மாதத்தில் ஒரு விருந்தினர் அந்தப் பலகையைப் படம் எடுத்துச் செயலியிலேயே போட்டார், ‘என்ன கம்பீரமான ஆங்கிலம்!’ என்ற பாராட்டோடு. மறுநாள் யோகம்மாவின் மூன்று அறைகளும் பட்டியலிலிருந்து காணாமல் போயின. சீசன் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான்.

“சீசன் போச்சுன்னா வீட்டப் பூட்டிட்டு திருப்பூருக்குப் போறேன் சார். தங்கச்சி பனியன் கம்பெனில சொல்லி வச்சிருக்கா” என்றார் யோகம்மா. அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் புகார் எழுதினேன். அவருடைய பிரதிநிதியாக, போட்டிச் சட்டம், தனியுரிமை, காப்புரிமை என்று மூன்று தலைப்பிலும். காப்புரிமைக்கு அங்கே வேலையே இல்லை. விட மனம் வரவில்லை. பலகையைப் பற்றி, ‘யாரோ ஒரு விருந்தினர் எழுதி மாட்டியது’ என்று ஒரே வரி.

செயலியோடு போட்ட ஒப்பந்தப்படி விஷயம் ஒரு மத்தியஸ்தரிடம் போயிற்று. சென்னையில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மையார். விசாரணை காணொளியில். பேச்சு ரகசியம், இரு தரப்பும் தனி அறையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. “நீங்க வர வேண்டாம், சட்ட விஷயம்” என்று யோகம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

விசாரணை நாளன்று காலை காட்டெருமை ஒன்று எங்கள் வேலியோடு இணையக் கம்பியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வில்பட்டியில் சிக்னல் வேண்டுமென்றால் டவர் வளைவுக்குத்தான் போக வேண்டும். அது கொடைக்கானல் சாலையில், எங்கள் சரிவுக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஊரில் யாருக்கு முக்கியமான போன் பேச வேண்டுமானாலும் அங்கேதான் நிற்பார்கள். பெண் பார்த்து முடித்ததும், மகன் வெளிநாடு போன செய்தி வந்ததும் அந்த வளைவில்தான். நான் கோட்டும் டையும் அணிந்துகொண்டு, பழைய காரை அங்கே ஓரங்கட்டி, மடிக்கணினியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே ஆவி படிந்து என் முகமே திரையில் தெரியவில்லை. இறக்கிவிட்டேன்.

“சார், தனியாத்தானே இருக்கீங்க?” என்று கேட்டார் மத்தியஸ்தர்.

“என் சொந்த அறையில் இருக்கிறேன், அம்மா.”

வளைவில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துத் திரும்பியது.

“ரோட்டைப் பார்த்த ரூமோ?”

“ஆமாம். நல்ல காற்றோட்டம்.”

நிறுவனத்தின் வழக்கறிஞர் ஓர் இளைஞர், நல்ல தமிழர். முதலில் காப்புரிமையை எடுத்தார். “சார், நீங்க கருப்பட்டிக்கா காப்புரிமை கேக்குறீங்க?”

“கருப்பட்டிக்கு இல்லை. அதை உள்ளங்கையில் வைக்கும் முறைக்கு. உங்கள் விடுதிகளில் இப்போது அதைத்தான் காப்பியடிக்கிறீர்கள்.”

மத்தியஸ்தர் ஒரு தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். குறிப்பு எடுக்கிறார் என்று எண்ணி இன்னும் உற்சாகமானேன். போட்டிச் சட்டத்தை ஓரளவு நன்றாகவே பேசினேன். (சரோஜா இதை ஒப்புக்கொள்வதில்லை. அவள் அங்கே இல்லை.) பிறகு தனியுரிமைக்கு வந்தேன். என் குரல் உயர்ந்தது.

“ஒரு மனிதன் தன் அறைக்குள் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை!”

“சார்” என்றார் மத்தியஸ்தர். “உங்க தோளுக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறார்.”

திரையைப் பார்த்தேன். என் முகத்துக்குப் பக்கத்தில் குரங்குக் குல்லா போட்ட இன்னொரு முகம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநர் பாண்டி. ஜன்னலில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றிருந்தார்.

நான் திரும்பவில்லை. “அது... சுவரில் மாட்டியிருக்கும் படம், அம்மா.”

“படம் கொட்டாவி விடுதே சார்.”

“என்ன சார், வண்டி மக்கர் பண்ணுதா?” என்று படம் கேட்டது. “தள்ளி விடவா? லோடு ஏத்தியாச்சு, வெரசாச் சொல்லுங்க.”

“போப்பா, போப்பா” என்று உதட்டை அசைக்காமல் சொன்னேன். கோட்டுப் போட்ட மனிதன் ரோட்டோரம் காருக்குள் உட்கார்ந்து தனக்குத் தானே கத்துவதைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று விசாரிக்காமல் போகும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. பாண்டி நகரவில்லை. அந்த நேரம் பார்த்து வழக்கறிஞர் பலகையின் படத்தைத் திரையில் காட்டினார்.

“எந்த விருந்தினர் சார் இப்படி ஒரு இங்கிலீஷ் எழுதுவார்?”

எனக்கு முன்னால் பாண்டி பதில் சொன்னார். “ஏ, இது நம்ம யோகக்கா வீட்டு போர்டுல்ல! சார், நீங்க எழுதிக் குடுத்து நாந்தானே ஆணி அடிச்சேன்? கோணலாக் கெடக்கு, கோணலாக் கெடக்குன்னு எத்தன தடவ கழட்டி மாட்டச் சொன்னீங்க!”

“இவர் யாரென்றே எனக்குத் தெரியாது” என்றேன் திரையிடம்.

பாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. “சார்! ஒங்க மக கல்யாணத்துக்குக் காய்கறி லோடு அடிச்சது யாரு? பந்தியில எனக்கு ரெண்டாவது தடவ பாயாசம் ஊத்துனது யாரு?”

மடிக்கணினியை மூடிவிடலாம் என்று கை போனது. பதற்றத்தில் முழங்கை ஹாரனை அழுத்திவிட்டது. என் சொந்த அறை நீளமாக அலறியது.

அந்தச் சத்தம் கேட்டு மேலேயிருந்து யோகம்மா இறங்கி வந்தார், கையில் பிளாஸ்க்கோடு. “பேசிப் பேசி தொண்ட காஞ்சிருக்கும்னு தேத்தண்ணி கொண்டாந்தேன் சார்.”

“அவங்கதான் யோகம்மாவா?” என்றார் மத்தியஸ்தர். “கூப்பிடுங்க சார். இனிமே அங்க ஒண்ணும் ரகசியம் இல்ல.”

யோகம்மா குனிந்து திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அம்மா, இந்த போர்டுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க. நன்றி, மீண்டும் வருக. சார்தான் அர்த்தம் சொன்னாரு.”

திரையில் இரண்டு பேரும் அசையவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று ஒரு கணம் நம்பிக்கை வந்தது. போகவில்லை.

“சார், அதுதான் அர்த்தமா?” என்று மத்தியஸ்தர் மெதுவாகக் கேட்டார்.

நான் டையைத் தளர்த்தினேன். பலகையில் இருந்ததைச் சொல் சொல்லாகத் தமிழில் சொன்னேன். வகுப்பறையில்கூட அவ்வளவு நேர்மையாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. நான்தான் எழுதினேன், அவருக்கு ஒன்றும் தெரியாது, புகாரில் சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

யோகம்மா முழுவதையும் கேட்டார். “அப்படியா சார் எழுதியிருந்துச்சு?”

“ஆமாம்மா.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னிருப்பேனே சார்.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளாஸ்க்கைத் திறந்து, ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். “கைய நீட்டுங்க சார்” என்றார். நீட்டினேன். உள்ளங்கையில் கருப்பட்டியை வைத்தார்.

“ஓ, இதுதானா அந்தக் காப்புரிமை?” என்றார் மத்தியஸ்தர். வழக்கறிஞர் சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. (இஞ்சிக் காரம் என்று பாண்டியிடம் சொன்னேன். அவர் நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.)

வழக்கறிஞர் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்ப வந்தார். தெரியாமல் நடந்ததற்கு யோகம்மாவைத் தண்டிப்பதில்லை, அந்த வாரமே அறைகள் பட்டியலுக்குத் திரும்பும் என்றார். எழுதியவர் மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். என் இரண்டு அறைகளும் நீக்கப்படும். அந்தச் செயலியில் இனி நான் அறை விடவும் முடியாது, விருந்தினனாக அறை எடுக்கவும் முடியாது, ஆயுள் முழுக்க. அவர் முடிப்பதற்குள் சம்மதம் என்றேன்.

போகும்முன் மத்தியஸ்தர் சொன்னார்: “போட்டிச் சட்டம் பத்தி நீங்க சொன்னதுல விஷயம் இருக்கு சார். அத ஒரு வக்கீல வச்சு, உரிய இடத்துல சொல்லுங்க. ரோட்டுல வேண்டாம்.”

அந்தச் சீசனில் யோகம்மா வீட்டில் ஒரு நாளும் அறை காலியில்லை. திருப்பூர்த் தங்கை விருந்தாளியாக இங்கே வந்து, வேலைக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டுப் போனாள். பாண்டி மறுநாளே வந்து, “ஏழரையக் கூட்டிட்டேன் சார், மன்னிச்சிருங்க” என்றார். நான்தான் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால், நான் அந்த வழக்கில் ஜெயித்தாலும் யோகம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

தண்டனை மட்டும் தொடர்கிறது. சென்ற ஆண்டு மகள் குடும்பத்தோடு கன்னியாகுமரி போனோம். எல்லாம் அதே செயலி. என் பெயரைப் போட்டாலே சிவப்பு எழுத்தில் மறுக்கிறது. சரோஜா தன் பெயரில் பதிவு செய்தாள். விடுதி வரவேற்பில் இருந்த பெண், அவளை ‘மேடம், மேடம்’ என்று உபசரித்து, பின்னால் பையோடு நின்ற என்னைக் காட்டி, “சார் யாரு மேடம்?” என்று கேட்டாள்.

சரோஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கூட வந்தவரு” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். மகளின் போனில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. பேத்தி, “கூட வந்தவருக்கு காப்பி வேணுமாம்” என்று சமையலறைக்குக் குரல் கொடுக்கிறாள். பெயர் சரிவேறி யோகம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்து லாரி ஏறிவிட்டது. போன வாரம் பாண்டி எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு பை பீன்ஸை இறக்கி வைத்துவிட்டுச் சரோஜாவிடம் கேட்டார்:

“அம்மா, கூட வந்தவரு இருக்காருங்களா?”

“இருக்கேன்ப்பா” என்று உள்ளேயிருந்து நானே குரல் கொடுத்தேன்.