பின் சீட்டைக் காலி செய்த டயர்

இனி இந்த ஜென்மத்தில் மச்சானைக் காரின் பின் சீட்டில் ஏற்றுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்கடைக்காரர் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுக்க வேண்டுமானால் அவருக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்திருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு குட்டிக் கார் இருந்தது. அவரைவிட வயதில் மூத்தது. இரண்டே கதவு, உருண்டை விளக்கு, தொட்டால் சிணுங்கும் எஞ்சின். ஊரில் பாதிப் பேர் மூக்கில் கண்ணாடி மாட்டிச் சம்பாதித்ததை அந்தக் காரில்தான் கொட்டினார். ஏரியைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் சாலையில் அதை ஒரு விரட்டு விரட்ட வேண்டும் என்பது அவருடைய வாராந்திரக் கனவு. கடைக்கு லீவு ஞாயிறு மட்டும்தான். அந்த ஞாயிற்றையும் மச்சான் தின்றுகொண்டிருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். லாரி கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலையிலிருந்துதான், மேற்பார்வையிலிருந்து இல்லை. ஞாயிறு காலை காபி ஆறுவதற்குள் வந்து நிற்பார். மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். முன் சீட்டை மடக்கி, மூச்சைப் பிடித்து, பின் சீட்டுக்குள் தன்னைத் திணித்துக்கொள்வார். காரின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். அவருடைய இரண்டு முழங்காலும் கண்ணாடிக்கடைக்காரரின் முதுகெலும்பைத் தேடிப் பிடித்துக் குத்தும்.

"மாப்ளே, மூணாவது கியர் போடுங்க."

"போட்டாச்சு மச்சான்."

"போட்ட மாதிரி தெரியலையே. வண்டி முக்குதே."

"முக்கறது வண்டியில்ல மச்சான்."

"என்னங்க, அண்ணன் நல்லதுக்குத்தானே சொல்றாரு?" என்பாள் பக்கத்து சீட்டிலிருந்து மனைவி. அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. வாங்கி மூன்று வருஷமாகிறது. சாவி கேட்கும்போதெல்லாம் நம்மவர் கைவசம் ஒரு பதில் வைத்திருந்தார்: "டயர் சரியில்லம்மா. உன் கையில வழுக்கிடும். நல்ல டயரா போட்டுடறேன், அப்புறம் நீயே ஓட்டு." சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்படி ஒன்று சொல்லிவைத்திருக்கிறோம் என்பதையே அவர் மறந்துவிட்டார்.

சபதம் எடுத்த அடுத்த வாரமே டயர் நிஜமாகவே மொட்டையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"ரெண்டுமே வேகமா ஓட்டறவங்களுக்கானது சார். ரப்பர் மெத்துனு இருக்கும், ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். சீக்கிரம் தேயும், அதையும் சொல்லிடறேன். இந்தக் குறுகலானது உங்க வண்டிக்கு சரியான அளவு. அகலமானது இன்னும் நல்லாப் பிடிக்கும். ஆனா உங்களுது சின்ன வண்டி. பின்னாடி பாரம் ஏறுனா டயர் மட்கார்டுல உரசும்."

"பாரம்னா எவ்வளவு?"

"பின் சீட்ல ஒரு ஆள் உக்காந்தாப் போதும் சார்."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"பின் சீட்ல ஒரு ஆள் உக்காந்தா..."

"போதும் போதும். கேக்கவே காது குளிருது. அகலமானதையே எடுத்து வைங்க. நாளைக்கு வீட்டுக்காரியக் கூட்டிட்டு வர்றேன். நான் குறுகலானதுதான் வேணும்னு அடம்பிடிப்பேன். நீங்க கண்டுக்காதீங்க. பின் சீட்டு விஷயத்தை மட்டும் கொஞ்சம் வருத்தமா சொல்லுங்க."

"வருத்தமாவா?"

"துக்கமா சொன்னா இன்னும் நல்லது."

இதில் ஒரு கணக்கு இருந்தது. ஜன்னல் திரையிலிருந்து பல் டாக்டர் வரைக்கும், அவர் எதைக் காட்டினாலும் மனைவி மற்றதைத்தான் எடுப்பாள். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் கண்டுபிடித்த ஒரே உண்மை இது. அதை ஒரு தடவையாவது தனக்கு வேலை செய்யவைக்க வேண்டாமா?

சனிக்கிழமை நாடகம் ஆரம்பமானது. கண்ணாடிக்கடைக்காரர் குறுகலான டயரைக் குழந்தையைப் போலத் தடவிக்கொடுத்தார்.

"இதுவே போதும்மா. அகலமானதப் போட்டா பின் சீட்ல யாரும் உக்கார முடியாதாம். அப்புறம் அண்ணன் எங்க உக்காருவாரு பாவம்?"

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கித் துக்கம் காட்டினார். சொன்னதற்கு மேலேயே நடித்தார்.

மனைவி இரண்டு டயரையும் குனிந்து பார்த்தாள். "மழையில எது வழுக்காதுங்க?"

"அகலமானதுதாம்மா."

"புதுசா ஓட்டறவங்களுக்கு?"

"அவங்க கண்ண மூடிக்கிட்டு இதை வாங்கலாம்."

"முன் சீட்ல பெரிய ஆளா உக்காந்தா உரசுமா?"

"முன்னாடி யானையே உக்காரலாம்மா."

இங்கேயாவது நம்மவர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் எங்கே விழித்தார்? சோக முகம் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதிலேயே மும்முரமாக இருந்தார்.

"அகலமானதையே மாட்டிடுங்க," என்றாள் மனைவி.

"அண்ணன்..." என்று இழுத்தார் இவர்.

"அண்ணனை நான் பாத்துக்கறேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளே குதியாட்டம். அன்று சாயங்காலம் வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கன்னங்கரேலென்று நாலு டயர். தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது வண்டி. பின் சீட்டை எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது. இனி என்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஞாயிறு காலை மச்சான் வந்தார். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த முகத்தோடு வாசலுக்குப் போனார்.

"மச்சான், எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பின் சீட்ல இனிமே ஆள் உக்கார முடியாது. டயர் உரசும்."

"தங்கச்சி ராத்திரியே போன்ல சொல்லிடுச்சு மாப்ளே," என்று சொல்லிவிட்டு மச்சான் முன் சீட்டில் ஏறி, கால் இரண்டையும் சுகமாக நீட்டிக்கொண்டார். "அடேயப்பா! இங்க இவ்வளவு இடமிருக்கா?"

"அப்போ நீ எங்கம்மா உக்காருவே?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார் நம்மவர். அவள் கைப்பையோடும் கூலிங் கிளாஸோடும் வந்துகொண்டிருந்தாள். கூலிங் கிளாஸ் அவர் கடையில் எடுத்ததுதான். விரலில் கார் சாவி சுழன்றுகொண்டிருந்தது.

"ஏய், சாவி எதுக்கு?"

"மூணு வருஷமா டயர் மாத்தட்டும், டயர் மாத்தட்டும்னீங்க. மாத்தியாச்சில்ல?"

"அது வந்து... இன்னிக்கே வேணுமா?"

"இன்னும் எத்தனை டயர் தேயணும்?"

"சரி, நீயே ஓட்டு! நான் எங்க உக்காரறது? பின்னாடியா?"

"பின்னாடி ஒரு ஆள் உக்காந்தா உரசும்னு சொன்னது நீங்கதானே?"

"நான் ஒல்லியான ஆளும்மா!"

"ஆள்னா ஆள்தாங்க. புது டயர், பாவம்."

"இது என் கார்டி!"

"இல்லேன்னு யாரு சொன்னா? உங்க கார், உங்க டயர். உரசிக் கிழிஞ்சா மனசு கஷ்டப்படப்போறதும் நீங்கதான்."

வண்டி கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஒரு முக்கல் இல்லை. மச்சான் வாயே திறக்கவில்லை. வாசலில் நின்ற கண்ணாடிக்கடைக்காரருக்கு வாழ்நாளில் ஒரு கியர்கூட அப்படி விழுந்ததில்லை. எரிச்சலில் கேட்டை ஓங்கி உதைத்தார். கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தெருமுனையில் கார் நின்றது. பின்னோக்கி வந்தது. கண்ணாடிக்கடைக்காரரின் நெஞ்சு விம்மியது. என்ன இருந்தாலும் கட்டிய புருஷன், மனசு கேட்குமா? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

முன் ஜன்னலிலிருந்து மச்சானின் கை நீண்டது. கையில் மடித்துவைத்த இரண்டு பெரிய பைகள்.

"சாமானை வெச்சாலும் பின்னாடி பாரம்தானாம் மாப்ளே. டயர் கடைக்காரர்கிட்ட தங்கச்சி போன் பண்ணிக் கேட்டுடுச்சு. நாங்க ஏரிப்பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு மார்க்கெட்டுக்கு வந்துடறோம். நீங்க பஸ்ஸப் பிடிச்சு வந்து, வாங்கறத எல்லாம் தூக்கிட்டு வந்துடுங்க."

கார் பறந்தது. முனை வளைவில் டயர் ஒரு நூல்கூட வழுக்கவில்லை. அகலமான டயர் அல்லவா.

பஸ்ஸில் நல்ல கூட்டம். முட்டி மோதி ஏறியவருக்குப் பின் சீட்டில்தான் இடம் கிடைத்தது.