சித்திரை வெயிலில் வந்த வெள்ளம்

என் அறிவின்மேல் எனக்கிருந்த பெருமதிப்பு, ஒரு நண்பகலில் நாற்பத்தொரு வாழைத்தார்களின் அடியில் நசுங்கி மாண்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நெல்லையில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது ஆண்டுகள் சேலை விற்றேன். மதிய இடைவேளைகளில் நூலகத்து நாளிதழ்களைப் படித்துப் படித்தே எழுத்து நடை பயின்றேன். ஓய்வுபெற்று ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பியபின், எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நீதிபதி பதவியை ஏற்றேன். (யாரும் வழங்கவில்லை, நானே ஏற்றேன்.) தேர்தல் காலமாதலால் வழக்குகள் குவிந்தன. வருகின்ற ஒவ்வொரு அரசியல் பதிவையும் ஆராய்ந்து, “ஏற்கத்தக்கது” என்றோ, “தள்ளத்தக்கது, மக்களைத் தூண்டிவிடும் நோக்கமுடையது” என்றோ தீர்ப்பெழுதுவேன். விரலால் உருட்டிப் பார்த்தே பட்டா நைலானா என்று சொன்னவனுக்கு ஒரு பதிவு எம்மாத்திரம்!

அன்று காலை பதினொரு மணிக்கு ஒரு காணொலி வந்தது. செந்நிற வெள்ளம் ஒரு பாலத்தை மோதுகிறது. பின்னணியில் ஒரு பெண் அழுகிறாள்: “அணையில விரிசல் விட்டிருக்கு. ஓட்டுக்காக மறைக்காங்க. உங்க பிள்ளைகளக் காப்பாத்துங்க. இத அழிக்கதுக்குள்ள எல்லாருக்கும் அனுப்புங்க!”

எந்த அணை, எந்த நாள், அழுபவர் யார், இதனால் எவருக்கு ஓட்டு விழும்? பிறர் அனுப்பிய பதிவுகளை இந்தக் கேள்விகளால்தான் நான் துளைத்தெடுப்பது வழக்கம். அன்று ஒன்றையும் கேட்கவில்லை.

காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. கூடத்துச் சுவரில், என் மார்பளவில், அது விட்டுச்சென்ற பழுப்புக்கோடு இருமுறை வெள்ளையடித்தும் மறையவில்லை. அந்த அழுகையைக் கேட்டதும் என் கண் அந்தக் கோட்டுக்குப் போயிற்று. காதுக்குள் தண்ணீர் இரைந்தது. அந்த இரைச்சலையே சான்றாகக் கொண்டு, “ஏற்கத்தக்கது. அனைவரும் உடனே மேட்டுநிலம் சேர்க” என்று எழுதிவிட்டேன்.

மறுநிமிடம் மைதீன் அழைத்தான். ஆற்றங்கரையில் குத்தகைக்கு ஏத்தன் வாழை போட்டிருந்த நண்பன். போன வெள்ளத்தில், குலை தள்ளி நின்ற தோட்டம் முழுவதையும் பறிகொடுத்தவன். அதிலிருந்து நிமிர அவன் நம்பியிருந்தது இந்த ஆண்டுக் காய் ஒன்றைத்தான்.

“அண்ணாச்சி, நெசமாவே தண்ணி வருதா? காய் இன்னும் தேறலையே. இருவது நாளாவது கெடக்கணுமே.”

“வரும்லே, வரும்! போன தடவ மறந்துட்டியா? கெடைச்சத வெட்டிக்கிட்டு ஓடிரு!” (அச்சம் வந்தால் என் செந்தமிழ்தான் முதலில் வெளியேறும்.)

பிறகு அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றி மாடிப்படியில் தள்ளாடினேன். என் மனைவி ஆவுடையம்மாள் ஈரத்துணி வாளியோடு எதிரே வந்தாள்.

“மூட்டைய எங்கன தூக்குதீய? எலி வந்துட்டா?”

“ஆறு வருது, ஆவுடை! அணை போச்சு!”

“இப்பதான் ஆத்துல துணி அலசிட்டு வாரேன். கணுக்கால் நனையத் தண்ணியில்ல. சித்திர மாசத்துல எங்கேருந்து வருதாம்?”

கைபேசியை நீட்டினேன். முழுவதும் கேட்டாள்.

“‘அழிக்கதுக்குள்ள அனுப்புங்க’ன்னு பறக்காளே, இது உங்க கடைப்பேச்சுல்லா? ‘இந்த ஒண்ணுதாம்மா இருக்கு, நாளைக்கு வந்தா இருக்காது’ன்னு சொல்லித்தான என் தலையிலயே ஒரு பச்சைச் சேலையக் கட்டினீய? அலமாரியில அதே மாதிரி பன்னெண்டு இருந்துச்சு.”

மூட்டையை இறக்கிவிட்டு மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தாமிரபரணியின் நடுவே ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எருமை முங்கும் அளவுக்கு நீரில்லாமையால் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

அக்கணம்தான் உண்மையான அச்சம் என்னைப் பற்றியது. மைதீன்!

அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். எடுக்கவில்லை. மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, அறுபத்தெட்டு வயதுக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் ஆற்றங்கரைக்கு விரைந்தேன். தோட்டம் கண்ணில் படும் முன்பே சத்தம் கேட்டது: சதக். சற்று இடைவெளி. சதக். வெள்ளம்கூட என்னை அவ்வளவு நடுங்க வைத்ததில்லை.

“நிறுத்துலே! தண்ணி வரல!”

மைதீன் ஓங்கிய அரிவாளோடு திரும்பினான். “எங்கன வரல?”

“எங்கனயும் வரல.”

அவனைச் சுற்றிப் பச்சைத் தார்கள், காய் தடித்தும் தடிக்காமலும் கிடந்தன. பைய உட்கார்ந்தான். எண்ணினான். நாற்பத்தொன்று. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சொன்னதோ வேறு:

“நீங்க எழுதினத நான் முழுசா நம்பல அண்ணாச்சி. போன்ல உங்க சத்தம் நடுங்குச்சி பாருங்க, அதுலதான் நானும் பயந்துட்டேன்.”

முகம் தெரியாத ஒருத்தி என்னிடம் செய்ததை நான் மைதீனிடம் செய்திருந்தேன். அவளுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது, எனக்கோ அவன் இருபது ஆண்டு நண்பன்.

மைதீன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்தான். வியர்வை சொட்டியது. “இந்த வெயில்ல நின்னுக்கிட்டு வெள்ளத்துக்குப் பயந்திருக்கேன். நானும் லேசுப்பட்ட ஆளில்ல” என்றான். நல்லவேளையாக மீதி மரங்கள் நின்றன.

வெட்டிய தார்களை நானே விலைகொடுத்து எடுத்துக்கொண்டேன். குழுவில், “முந்தைய தீர்ப்பு தள்ளத்தக்கது. எழுதியவனும் தள்ளத்தக்கவன்” என்று அறிவித்தேன். எங்கள் தெரு இரண்டு வாரங்கள் வாழைக்காய் வறுவல், வாழைக்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் புட்டு என்று உண்டு, என்னை ஒவ்வொரு கவளத்திலும் நினைத்துக்கொண்டது.

சென்ற மாதம் ஆவுடையின் தங்கை மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியைக் குழுவில் மகிழ்ச்சியோடு பதிவிட்டேன். முதல் பதில் மைதீனிடமிருந்து வந்தது:

“அண்ணாச்சி, அருவாள எடுக்கட்டுமா?”

நான் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டு அடுப்படியிலிருந்து ஆவுடை உரக்கச் சொன்னாள்: “பொறு மைதீனுன்னு போடுங்க. நான் போய்ப் பிள்ளையப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்.”