அஞ்சு கோல் வாங்கிய மாப்பிள்ளை வேண்டாம்

உ

நாமகிரிப்பேட்டை,
புரட்டாசி 3.

ஃபேர்லேண்ட்ஸில் மூத்த மகன் வீட்டில், கண் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி அங்கமுத்து அவர்களுக்கு, தண்டாயுதபாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி மஞ்சுளா, மகள் தீபிகா மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கேட்க வேண்டாம். அங்கே தங்கள் கண்ணும், சம்பந்தியம்மா சின்னாயி அவர்களின் முழங்காலும் தேவலையாக வேண்டுமென்று கருப்பணாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். கட்டுப் பிரிக்கும் வரை தாங்கள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், இதைச் சம்பந்தியம்மா சத்தமாகப் படித்துக் காட்டவும். மெதுவாகப் படித்தால் என் கோபம் தெரியாது.

நேற்றுப் போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது தாங்கள் சிரித்துக்கொண்டே, "அட உடுங்க சம்பந்தி, வெளையாட்டுத்தானுங்களே" என்றீர்கள். அதனால்தான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். விளையாட்டா? நாமகிரிப்பேட்டை இளஞ்சிங்கங்கள் கால்பந்துக் குழு பதினொரு வருஷம் கழித்து ஃபைனலுக்கு வந்திருக்கிறது. நோட்டீசில் பிள்ளையார் படத்துக்குக் கீழே புரவலர் என்று என் பெயர் போட்டிருக்கிறது. மஞ்சள் மண்டி வைத்திருப்பவன் என்பதால் பனியன் கூட மஞ்சள் நிறத்தில் நான் தைத்துக் கொடுத்ததுதான். அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு ஆத்தூர்க்காரர்களிடம் அஞ்சுக்குச் சைபர் என்று தோற்றுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த அஞ்சையும் உள்ளே விட்டது யார்? கோல்கீப்பர். கோல்கீப்பர் யார்? இங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கள் இளைய மகன், ஐப்பசியில் என் மகளோடு உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ள இருந்த நந்தகுமார். 'இருந்த' என்று எழுதியிருப்பதைச் சம்பந்தியம்மா இன்னொரு தரம் படிக்கவும்.

என் பக்கம் ஒரு குறையும் கிடையாது. ஃபைனல் ராசிபுரத்தில், ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு. ஜெயித்தால் கருப்பணாருக்குக் கிடா வெட்டி விருந்து போடுவதாக நேர்ந்திருந்தேன். ஆனால் ஆட்டம் முடிய ஆறு மணியாகும், அதற்கு மேல் ஊர் திரும்பி, வெட்டி, வேக வைத்து, இலை போடுவதற்குள் விடிந்துவிடும், விடிந்தால் புரட்டாசி பிறந்துவிடும், புரட்டாசியில் என் வீட்டு வாசலுக்கு முட்டை கூட வராது என்பது தாங்கள் அறிந்ததே. ஐப்பசிக்குத் தள்ளிப் போட்டால் ஜெயித்த சூடு ஆறிப்போகும். ஆகவே நன்றாக யோசித்து, விருந்தை முன்னால் வைத்தேன், ஜெயிப்பதைப் பின்னால் வைத்தேன். பூசாரி ராசப்பன் மட்டும், "ஏனுங்க, செயிக்காமயே வேண்டுதல நெறவேத்தறதுங்களா?" என்று இழுத்தார். "முன்னாலயே குடுத்துட்டா அப்பறம் சாமி பின்வாங்க முடியாதுங்க பாருங்க" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாவும் ஒரே தடவையில் உடம்பைத் துலுக்கிச் சம்மதம் கொடுத்தது. வெட்டுவதற்குத்தான் அது சம்மதித்தது, ஜெயிப்பதற்கு இல்லை என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

பகல் ஒரு மணிக்குப் பந்தி. கறிக்குழம்பு, தலைக்கறி, குடல் வறுவல், ஈரல், ரசம். முதல் வரிசையில் குழுவினர். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் கையாலேயே பரிமாறினேன். வருங்கால மாப்பிள்ளைக்கு எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். உபசாரத்தில் யாராவது குறை சொல்ல முடியுமா? மினிபஸ்ஸில் ராசிபுரம் போகும் வழியில் பதினொரு பேரில் ஒன்பது பேர் தூங்கினார்கள். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் மனசை இப்படி அமைதியாக வைத்துக்கொள்கிறார்களே என்று பெருமைப்பட்ட முட்டாள் நான்.

மூன்றாவது நிமிஷத்திலேயே முதல் கோல். வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். முன்னால் நின்று கோல் போட வேண்டிய கௌசிக், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றான். பந்து தானாக அவன் காலடிக்கு வந்தது. அவன் ஓர் ஏப்பம் விட்டான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. அதே பந்தை ஆத்தூர்க்காரன் எடுத்துப் போய் இரண்டாவது கோலைப் போட்டான். மூன்றாவது ஆஃப்சைடு. ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு முழுசாகத் தெரியாது, இருந்தாலும் அது ஆஃப்சைடு. கயிற்றைத் தாண்டிப் போய் ரெஃப்ரியிடம் நியாயம் கேட்டேன். அந்த மனுஷர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏனுங்க பெரியவரே, உங்க பசங்க ஆட வந்தாங்களா, தூங்க வந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே போகச் சொல்லி விசில் ஊதினார். நாற்பது வருஷமாக மண்டியில் எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன், என்னை விசில் ஊதி அனுப்பியவர் அவர் ஒருவர்தான். இடைவேளையில் நம் பையன்கள் தண்ணீர் கேட்கவில்லை, சோடா கேட்டார்கள். அதையும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

நாலாவது கோலை விட்டுவிடுவோம். அஞ்சாவது கோலை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பந்து வேகமாக வரவில்லை. கோழி மேய்ந்துகொண்டே வருமே, அப்படி வந்தது. சின்னக் குழந்தை கூட எடுத்துவிடும். தங்கள் மகன் குனிந்தார். பாதி குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பந்து அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. சம்பந்தி, தாங்கள் கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இந்தக் கண்றாவியைப் பார்க்காமல் தப்பித்தீர்கள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேறு பார்த்தேன்.

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏப்பா, குனியக் கூடவா முடியல?" என்று கௌசிக் கேட்டான், ஏப்பம் விட்ட அதே கௌசிக். நந்தகுமார் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என்னோட தப்புத்தானுங்க" என்றார். கேட்டுக்கொள்ளவும் சம்பந்தி, அவரே ஒப்புக்கொண்டார். மறுநாள் நான் டீக்கடைக்குப் போனேன். டீ மாஸ்டர் விரல் அஞ்சையும் விரித்துக் காட்டி, "எத்தன டீங்க, அஞ்சுங்களா?" என்று கேட்டார். நான் தனியாளாகத்தான் போயிருந்தேன்.

ஆகவே நான் எடுத்த முடிவு. ஒரு கோல் கம்பத்தைக் காப்பாற்ற முடியாதவர் ஒரு குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவார்? ஐப்பசியில் வைத்திருந்த உப்புச்சக்கரை இதோடு நின்றது. தீபிகாவுக்கு வேறு இடம் பார்க்கப் போகிறேன், பந்தே இல்லாத இடமாக. அவள் முந்தாநாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, குழு தோற்ற துக்கம் அவளுக்கும் இருக்கும்தானே. தங்கள் கண் சீக்கிரம் தெளியவும், சம்பந்தியம்மா முழங்கால் வலியில்லாமல் படியேறவும், மூத்த மகன் குடும்பம் எல்லா வளமும் பெறவும் ஆசீர்வதிக்கிறேன். இளைய மகனுக்கு ஆசீர்வாதம் இந்தத் தடவை கிடையாது.

இப்படிக்கு,
இன்றிலிருந்து தங்கள் சம்பந்தி அல்லாத,
தண்டாயுதபாணி.

பின்குறிப்பு: சம்பந்தியம்மா, சத்தமாகப் படிக்க ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு இங்கிருந்து படிக்கவும். நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வராமல்தான் அப்படியே அனுப்புகிறேன். கவரை ஒட்டும் முன்னால் மஞ்சுளாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் உடனே, "கண்ணு, அந்தப் படத்த அப்பாவுக்குக் காட்டு" என்று தீபிகாவைக் கூப்பிட்டாள். விருந்தன்று தீபிகா போனில் எடுத்த வீடியோ. அதில் நந்தகுமார் சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கிறார். "போதுமுங்க மாமா, சாயங்காலம் ஆட்டம் இருக்குதுங்க" என்கிறார். ஓர் ஆள் குனிந்து, மடித்த இலையைப் பிரித்து, "ஆட்டம் எங்க ஓடிப் போயிருது? சாப்புடுங்க மாப்பிள்ளை" என்று ஒரு கரண்டி கறியைப் போடுகிறார். அவர் மறுபடி மடிக்கிறார். அந்த ஆள் மறுபடி பிரிக்கிறார். நாலு தரம். அந்த ஆளின் இடுப்பில் கட்டியிருப்பது என் துண்டு.

பிள்ளை முகம் சுளிக்காமல் நாலு தரமும் சாப்பிட்டிருக்கிறார். பஸ்ஸில் அத்தனை பேர் பேசியபோதும், மாமனார் ஊட்டிக் கெடுத்தார் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. என் மரியாதையைக் காப்பாற்றத்தான் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். அது தெரியாமல் நான் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தீபிகா துக்கப்பட்டதும் குழுவுக்காக இல்லையாம். ஐப்பசியில் உப்புச்சக்கரை நிச்சயம். நாளைக் காலையில் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். புரட்டாசி முடிந்ததும் மாப்பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் இலையை மடித்தால் நான் பிரிக்க மாட்டேன்.