நாவல் மரத்து முக்கோணம்

பொய் சொல்வதென்றால் தேனீயை நடுவில் இழுத்துக்கொண்டு சொல்லக் கூடாது. இந்த ஞானம் காந்திமதிநாதனுக்கு வந்தபோது, அவர் மனைவி பிரேமலதா மைக்ராஸ்கோப்பை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

பிரேமலதா கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். வீட்டில் அவரை நடத்துகிறவள். மற்ற நேரத்தில் தேனீ வளர்க்கிறாள். அதாவது அவள் வளர்க்கிறாள், பெட்டிகளை அவர் சுமக்கிறார். அவள் விற்கும் பாட்டிலில் ‘முருங்கைத் தேன்’ என்று எழுதியிருந்தால் அது முருங்கைத் தேன்தான். தேனை வெந்நீரில் கரைத்து, அடியில் தங்கும் மகரந்தத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் லேபிள் ஒட்டுவாள். எந்தப் பூவின் மகரந்தத்துக்கு எந்த முகம் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்கும் தெரியும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பங்குனியில் முருங்கை பூத்ததும், பெட்டிகளை வள்ளியூரில் தெரிந்தவர் தோட்டத்தில் கொண்டு வைக்கச் சொன்னாள். அவர் லோடு ஆட்டோவை மேற்கே திருப்பி மணிமுத்தாறுக்கு விட்டார். அங்கே அவருடைய அக்கா கோமதி இருக்கிறாள். இவர்கள் மகளின் கல்யாணத்து மறுநாள் போட்ட சொதிச் சாப்பாட்டில், “தேங்காப்பால் கொஞ்சம் தண்ணியா இருக்கோ?” என்று சம்பந்திகள் முன்னால் பந்தியில் கேட்டுவிட்டவள் கோமதி. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. “அங்கன போறதுன்னா அங்கனயே இருந்துக்கிடணும்” என்பது பிரேமலதாவின் தீர்ப்பு. அக்காவைப் பார்க்காமல் அவர் பாதியாக இளைத்தார். பெட்டிகளைச் சாக்கிட்டுப் பங்குனி முழுக்க அந்த வீட்டுக்குப் போய் வந்து, இளைத்ததை ஈடுகட்டினார்.

இன்று காலை தேனை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். வள்ளியூர் வெயில், வள்ளியூர் டீக்கடை, வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு என்று காப்பி ஆறுவதற்குள் ஊரையே இறக்கி வைத்தார். பிரேமலதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடு ஏறியிருந்தது.

“இங்கன வாங்க. இதைப் பாத்துச் சொல்லுங்க.”

ஒற்றைக் கண்ணை வைத்தார். முருங்கை என்றால் வழவழவென்று உருண்டையாக இருக்க வேண்டும். ஒன்றுகூட உருண்டை இல்லை. வட்டம் முழுக்கக் குட்டிக் குட்டி முக்கோணங்கள். நாவல். அக்கா வீட்டுக் கொல்லையில் பூத்துக் கொட்டுகிற அதே நாவல். அக்கா, பொண்டாட்டி, நடுவில் அவர் என்று ஏற்கெனவே ஒரு முக்கோணத்தில் மாட்டியிருந்தவருக்கு இத்தனை முக்கோணம் தாங்கவில்லை.

“என்ன தெரியுது?”

“கண்ணு கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு.”

“பைய பாருங்க. அவசரம் இல்ல.”

“நாவ மாதிரி இருக்கு.”

“முருங்கைத் தோட்டத்துலயா?”

“ஓரத்துல ஒரு மரம் நின்னுச்சு.”

“ஒரு மரமா?”

“ரெண்டு.” கழுத்தில் வேர்த்தது. “நாலஞ்சு இருக்கும்.”

“அப்ப முருங்கைப் பூவை ஒரு தேனீகூட எட்டிப் பாக்கல?”

“வள்ளியூர்ல காத்து ஜாஸ்தி, பிரேமா. பூவெல்லாம் உதுந்துட்டு.”

“வெயிலுன்னுல்லா சொன்னிய?”

“வெயிலும்தான்.”

அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தப்பிக்க வழி தெரியும். பல வருடப் பழக்கம். அவளோ மேசையைத் துடைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுச் சேதி விசாரிப்பது போலக் கேட்டாள்.

“கோமதி மதினி நல்லாருக்காகளா?”

“நல்லாத்தான் இருக்கா. முட்டிவலிதான் கொஞ்சம்...”

வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்துப் பயனில்லை. பிரேமலதா துடைத்த துணியை உதறி மடித்தாள்.

“சொதி வச்சாகளோ?”

“வச்சா.”

“தேங்காப்பால்?”

உயிர் போகிற கேள்வி. “கெட்டியாத்தான் இருந்துச்சு. ஆனா உன் கைப்பக்குவம் வராது.”

“ஒருநாள் மட்டுமா?”

“போறப்பல்லாம்.”

அதற்குமேல் அவரால் முடியவில்லை. “என்னை என்னதான் செய்யச் சொல்லுத? எனக்கு இருக்கது ஒரே அக்கா. அவளைப் பாக்காம இருக்க முடியல, பிரேமா. உங்கிட்ட கேட்டா விடமாட்ட. அதான் பெட்டியை அங்கன இறக்கிட்டேன். வள்ளியூர்ப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்கல. அந்தப் பாழாப்போன தேனீதான் எல்லாத்தையும் காலுல ஒட்டிக் கொண்டாந்து உங்கிட்ட கோள் சொல்லிட்டு.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பிரேமலதா மைக்ராஸ்கோப்பிலிருந்து ஸ்லைடை உருவி, பழைய ஸ்லைடுகள் இருந்த பெட்டியில் அதனிடத்தில் செருகினாள்.

“தேனீயை வையாதிய. இது போன வருசம் களக்காட்டுல எடுத்த தேன். உங்க டப்பாவை நான் இன்னும் தொறக்கவே இல்ல.”