எண்பது ரூபாய்க்கு நான் எடுத்த ஏலம்

ஏலத்தில் நான் தோற்றதே இல்லை. என் வாழ்க்கையில் எனக்கு வந்த பெரிய கேடு அதுதான்.

சதுரங்கப்பட்டினம் கரையில் படகு வந்ததும் மீனைக் குவித்து ஏலம் விடுவார்கள். சுற்றி நிற்கும் பெண்கள் நாங்கள் விலை கேட்போம். மூன்று தரம் சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு சாமியே வந்தாலும் பேச்சு மாறக் கூடாது. ஏலக்காரருக்கு ஒரு பங்கு உண்டு. அதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் எடுத்துக்கொள்வார். நான் விலை கேட்க வாயைத் திறந்தால் மற்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.)

புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸ் வாசல்களுக்கும் வருடக்கணக்கில் கூடை சுமந்ததில் கழுத்து போனது. இனிமேல் தலையில் பூ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். பூ விற்கிற விலைக்கு அதுவும் முடியாது. என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே முட்டி மடங்காது. கடலுக்குப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் மாமல்லபுரம் போகிற சாலையில், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு ரிசார்ட்டுக்கு ரூம் சுத்தம் செய்யப் போனேன்.

அங்கே நேராகப் போய் வேலை கேட்க முடியாது. ஆள் அனுப்புவது ஏஜென்சி. செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அதன் ஆபீஸ். நடத்தியவன் தயாளன். இடுப்பு பெல்ட்டில் செல்போன் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்கள் குப்பத்திலிருந்து எட்டுப் பெண்களைத் திரட்டி அவனுடைய வேனில் ஏற்றியதே நான்தான். என் நாத்தனார் கன்னியம்மாவும் அதில் ஒருத்தி. நாள் கூலி நூற்றுப்பத்து. சனிக்கிழமையானால் தயாளன் கையிலிருந்து வரும். என் மகள் செல்விக்கு அந்த வருடம் நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பீஸில் முதல் தவணையை அந்த நூற்றுப்பத்தில்தான் பிடித்து வைக்க வேண்டும். எவ்வளவு பிடித்தாலும் பற்றவில்லை.

ஒரு நாள் பாத்ரூம் கண்ணாடியில் கோடு விழுந்திருக்கிறது என்று மேனேஜர் கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். திட்டும்போதும் மரியாதை குறையாது. "தலைக்கு இருநூறு குடுக்கறோமுங்க. இருநூறு வாங்கற கை இப்படித்தான் தொடைக்குமுங்களா?" என்றார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். கோட்டுக்குப் பின்னால் நூற்றுப்பத்து ரூபாய் முகம் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை தயாளனிடம் கேட்டேன், மீதி தொண்ணூறு எங்கே போகிறது என்று. அவன் ஒன்றும் அசையவில்லை. "வேன் கீது, யூனிபாரம் கீது, ஆபீஸ் வாடக கீது. எல்லாத்தயும் காத்துலயா ஓட்டறது?"

"அத்த எங்க முன்னாடி சொல்லி எடு. கரையில ஏலக்காரரு அப்படித்தான் எடுப்பாரு."

"யக்கா, நீ இன்னா மீனா?" என்றான்.

வேன் டிரைவர் சிரித்தான். எனக்குப் பின்னால் நின்ற கன்னியம்மாவும் சிரித்தாள். எனக்கு அது தொண்டையில் மாட்டிய முள்ளாகிவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை. வீட்டுக்காரர், வருகிறதை வாங்கிக்கொண்டு கம்மென்று இரு என்றார். முட்டி மடங்காதவர் பேச்சைக் கேட்டு நானும் மடங்க வேண்டுமா என்று அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். படகெல்லாம் ஒரே நேரத்தில் கரைக்கு வந்தால் மீன் விலை விழும். காற்றடித்துப் படகு வராத நாளில் நெத்திலிகூடத் தங்கம். ரிசார்ட்டில் பெரிய கல்யாணம் ஒன்று வந்தது. எல்லா ரூமும் நிரம்பும், கை இல்லாமல் நடக்காது. அன்றைக்கு விலை ஏறித்தானே ஆக வேண்டும்? வேனில் போகும்போதே பெண்களிடம் சொன்னேன்: யாரும் உள்ளே நுழையக் கூடாது. எட்டுப் பேர் வேலையையும் நான் ஏலத்துக்கு விடப்போகிறேன். மேனேஜர் ஒரு பக்கம், தயாளன் ஒரு பக்கம். யார் அதிகமாகக் கேட்கிறார்களோ அவருக்கு. எல்லோரும் தலையாட்டினார்கள். கன்னியம்மா எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினாள்.

பின்கேட்டில் போய் நின்றேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். மேனேஜர் ஓடி வந்தார், தயாளனும் வந்தான். கரையில் கேட்கிற குரலில் எடுத்தேன். "எட்டு ஆளு வேல. நூத்திப்பத்து இருக்குது. நூத்தி இருவது யாரு?"

மேனேஜர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். தயாளனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் அப்பனோடு மீன் வாங்கக் கரைக்கு வந்து வளர்ந்தவன்தானே. சிரித்துக்கொண்டே எங்கள் வேனுக்குப் பின்னால் கையைக் காட்டினான். அங்கே இன்னொரு வேன் நின்றது. கல்யாணத்துக்குக் கூடுதலாக ஆள் வேண்டுமென்று திருக்கழுக்குன்றம் பக்கம் வயல்காட்டிலிருந்து பெண்களைக் கூட்டி வந்திருந்தான். அந்த வருடம் அங்கே நடவும் இல்லை, அறுப்பும் இல்லை.

"உங்களுக்கு எவ்ளோ வோணும்?" என்று அவர்களைக் கேட்டான்.

ஜன்னலோரம் இருந்த ஒல்லிப் பெண் ஒருத்தி சின்னக் குரலில் சொன்னாள். "நூறு குடுத்தாப் போதும்ணே. நாஸ்தா மட்டும் குடுங்க."

இன்னொருத்தி தொண்ணூற்றைந்து என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு குரல் தொண்ணூறு என்றது. நான் பிறந்து வளர்ந்த கரையில் ஏலம் இப்படிக் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து என் சொந்த நாத்தனார் சொன்னாள். "எண்பத்தஞ்சுக்கு நா வரேன் அண்ணி. வூட்ல அரிசி இல்ல."

அதற்கு அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் வாய்தான் பொறுப்பு. குவியல் கை நழுவிப் போகிறது, எவளோ தூக்கப் போகிறாள் என்று அதற்குப் பட்டுவிட்டது. அத்தனை வருடப் பழக்கம்.

"எண்பது!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நான் கேட்டால் யார் கேட்பார்கள்?

தயாளன் நிதானமாகச் சொன்னான். "எண்பது ஒரு தரம். எண்பது ரெண்டு தரம்." என் முகத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நிறுத்தினான். நான் விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்தானோ என்னவோ. "எண்பது மூணு தரம். யக்கா, வேல உன்னுது."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு எதுவும் மாறவில்லை, அதே இருநூறுதான். தொண்ணூறு எடுத்துக்கொண்டிருந்த தயாளனுக்கு இனி நூற்றிருபது. நான் ஏலம் விட்டு ஏற்றிக்கொடுத்தது அவன் கூலியைத்தான்.

பேச்சை மாற்றியிருக்கலாம். அழுதிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். மூன்று தரம் சொன்ன பிறகு மாற்றினால் நாளைக்குக் கரையில் எந்த முகத்தோடு நிற்பேன்? (கரைக்கே நான் போவதில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.) தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய், எண்பது ரூபாய்க்குக் கண்ணாடி துடைத்தேன். கோடு விழாமல் துடைத்தேன்.

மற்ற பெண்கள் திரும்பும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. கன்னியம்மா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டில் அரிசி இல்லை என்று எனக்குத் தெரியும்.

செல்வி அந்த வருடம் படிக்கப் போகவில்லை. கிடைத்த இடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். என்னோடு அதே வேனில் ஏறினாள், அதே எண்பதுக்கு. ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அடுத்த வருடம் என் தாலிச் சரட்டை அடகு வைத்துத்தான் சேர்த்துவிட்டோம்.

இப்போது அவள் நர்ஸ். (எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் வராது, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். தாலிச் சரடு வந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.) ஆஸ்பத்திரி வேலைதான், வெள்ளைச் சட்டைதான். ஆனால் சம்பளம் வருவது ஏஜென்சி வழியாக. ஆஸ்பத்திரி அவளுக்காக ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று அவளுக்கே தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டார்களாம்.

போன மாதம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. முந்தானையை மட்டும் இழுத்துச் செருகினேன்.

வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "செல்வி, உங்கம்மாவ புடி. கிளம்பிட்டா. இருக்கறதும் பூடும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சோறு இறங்கவில்லை.