டெல்மாரின் டிரக் நாலு இஞ்ச் உயர்ந்தது

இனி எவன் சங்கிலியும் தன் வண்டியைத் தொடக்கூடாது என்று டெல்மார் சபதம் எடுத்தான். எடுத்த இடம் சமையலறை. சாட்சி, முட்டை பொரித்துக்கொண்டிருந்த மனைவி ரோவீனா.

விஷயம் இதுதான். பென்சில்வேனியாவின் அந்த மலையோர ஊரில், நவம்பர் கடைசியில் மான் வேட்டை தொடங்கிவிட்டால் ஆண்பிள்ளை என்று பேர் எடுத்தவன் எவனும் வீட்டில் தங்கமாட்டான். காட்டுக்குள் இருக்கும் வேட்டைக் குடிலுக்குப் போகிற வழி பாதி பாதை, பாதி சேறு. போன வருஷம் டெல்மாரின் டிரக் அந்தச் சேற்றில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு வென்டெல், ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டிய தன் வண்டியில் வந்து, சங்கிலி போட்டு இழுத்து விட்டான். இழுத்தது தப்பில்லை. அதைத் தீயணைப்பு நிலையத்துப் பான்கேக் விருந்தில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினான் பாருங்கள், அதுதான் தப்பு. அன்றிலிருந்து டெல்மாருக்குப் பான்கேக் தொண்டையில் இறங்குவதில்லை.

“வண்டிய உயர்த்தப் போறேன், ரோவீனா. நீ என்ன சொன்னாலும் சரி.”

“நான் என்னங்க சொல்லப் போறேன்? தாராளமா உயர்த்துங்க.”

டெல்மார் பயந்துபோனான். கல்யாணமான நாள் முதல் அவள் தாராளமாக என்ற வார்த்தையை அவன் விஷயத்தில் பயன்படுத்தியதில்லை. ரோவீனா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஐம்பது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைக்கிறவள். வீட்டில் ஒரே ஒரு டெல்மார், பார்வைகூடத் தேவைப்படாது.

அடுத்த வாரம் அதைவிடப் பெரிய அதிசயம் நடந்தது. கல்யாண நாளுக்கு வருஷா வருஷம் காலுறை வாங்கித் தருகிறவள், இந்தத் தடவை பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் எல்லாம் பளபளவென்று இருந்தன. நாலு இஞ்ச் உயர்த்தும் கிட்! டெல்மாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட உத்தமியைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று உருகினான்.

“ஒண்ணே ஒண்ணுங்க. இந்த மாசம் வண்டியோட வருஷப் பரிசோதனை ஸ்டிக்கர் முடியுது. நம்ம ஒர்க்‌ஷாப் ஆர்வில்கிட்டக் கேட்டுட்டேன். நாலு இஞ்ச் வரைக்கும் நம்ம வண்டிக்குச் சட்டத்துல தடையில்லையாம். பம்பர் அதுக்கு மேல போச்சுன்னா ஸ்டிக்கர் கிடையாது. ஸ்டிக்கர் இல்லன்னா வேட்டை தொடங்குற சனிக்கிழமை காட்டு வழியில போலீஸ் நிப்பாட்டுவான். அப்புறம் நீங்க மானைப் படத்துலதான் பாக்கணும்.”

“சட்டம் எனக்குத் தெரியாதா?” என்றான் டெல்மார். தெரியும். தெரிந்துதான் மறுநாள் தான் வேலை பார்க்கும் தீவன மில்லிலிருந்து வரும் வழியில், ஸ்பிரிங்குக்கு மேல் செருகுகிற இரண்டு இஞ்ச் இரும்புக் கட்டைகளையும் ஒரு செட் வாங்கி ஒளித்து எடுத்து வந்தான். வென்டெலின் வண்டி ஆறு இஞ்ச் என்று ஊர்ப்பேச்சு. நாலு இஞ்சோடு நிறுத்தினால் சபதத்துக்கு என்ன மரியாதை?

வேலை நடந்தது கராஜில். அந்தக் கராஜைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நடுவில் டிரக் நிற்கும். சுற்றிலும் டெல்மாரின் சொத்து: உயிர்போன இரண்டு எஞ்சின்கள், கதவில்லாத குளிர்பெட்டி, மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கப் போவதாக அவன் சொல்லிவந்த மூன்று புல்வெட்டி மிஷின்கள், எதற்கென்று அவனே மறந்துபோன இரும்புக் குழாய்கள். ரோவீனாவின் சின்னக் கார் வெளியே பனியில் நிற்கும். குளிர்காலக் காலையில் அவள் கண்ணாடியில் பனிக்கட்டி சுரண்டும் சத்தத்தில்தான் டெல்மார் சுகமாகப் புரண்டு படுப்பான்.

கதவைச் சாத்திக்கொண்டு, ஜாக்கி வைத்து, முதுகு ஒடிய ஒடிய ஞாயிற்றுக்கிழமை முழுக்க முடுக்கினான். வண்டி எழுந்து நின்றது. என்ன கம்பீரம்! கராஜ் கதவைத் திறந்துவிட்டு, எகிறி ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸ் எடுத்தான்.

டங்.

வண்டியின் கூரை கராஜ் வாசலின் மேல்சட்டத்தில் இடித்து நின்றது.

டெல்மார் இறங்கிப் பார்த்தான். ஏறி உட்கார்ந்து பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிப் பார்த்தான். தலை குனிந்தால் டிரைவர் தப்பிப்பான், கூரை எப்படித் தப்பிக்கும்? புது கம்பீரம் முழுசும் கராஜுக்குள்ளே சிறைப்பட்டுக் கிடந்தது.

ரோவீனா காப்பிக் கோப்பையோடு வந்து நின்றாள். சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது.

“கட்டினதெல்லாம் கழட்ட வேண்டியதுதானா?” என்றான் அழாத குறையாக.

“எதுக்குங்க கழட்டணும்? டயர்ல காத்தக் கொஞ்சம் இறக்குங்க. பின்னாடி நல்லா பாரத்தை ஏத்துங்க. பிள்ளைங்க ஏறினா என் பஸ்ஸே தணியுது, இது தணியாதா?”

“பாரத்துக்கு நான் எங்க போவேன்?”

ரோவீனா கராஜை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அடடா, இத்தனை வருஷமாக இந்தச் சொத்தை எதற்குச் சேர்த்தோம் என்பதற்கு இன்றுதான் பதில் கிடைத்தது! எஞ்சின்கள், குளிர்பெட்டி, மிஷின்கள், குழாய்கள் என்று ஒன்று விடாமல் ஏற்றினான். தூக்க முடியாததை ரோவீனா கைகொடுத்துத் தூக்கினாள். அவ்வளவு உற்சாகமாக அவள் எந்த வேலையும் செய்து அவன் பார்த்ததில்லை. வண்டி பெருமூச்சு விட்டுத் தணிந்தது.

“வரலாம், வரலாம், இடது பக்கம் ஒடிங்க, வரலாம்... நில்லுங்க! மூச்சை இழுத்துப் பிடிங்க.”

“நான் மூச்சப் பிடிச்சா வண்டி எப்படிம்மா தணியும்?”

“தணியாது. வாய மூடுவீங்கல்ல, அதுக்குத்தான்.”

வாசலின் மேல்சட்டத்தில் ஒரு விரல் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டு டிரக் வெளியே வந்தது. டெல்மாருக்குப் புது யோசனை ஒன்று பிறந்தது. இதே பாரத்தோடு பரிசோதனைக்குப் போனால் பம்பரும் தணிந்துதானே இருக்கும்? ஆறு இஞ்சும் நாலாகத் தெரியுமே! டயரில் காற்றை நிரப்பிக்கொண்டு, மறுநாள் காலையில் விசிலடித்தபடியே ஆர்விலின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான்.

ஆர்வில் கிழவருக்கு ஊரில் பாதி வண்டிகளின் வயிறு மனப்பாடம். அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தவர், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏன் தம்பி, வீடு மாத்துறியா?”

“இல்லண்ணே, இது சும்மா... எப்பவும் இருக்கிறதுதான்.”

“குளிர்பெட்டியோடவா மான் வேட்டைக்குப் போவே? சுட்ட மானை உள்ள வெக்கவா, இல்ல சுடாத மானை உக்கார வெக்கவா? காலி வண்டியத்தான் நான் அளப்பேன். எதிர்லயே பழைய இரும்புக் கடை இருக்கு. இறக்கிட்டு வா.”

டெல்மார் இரும்பைப் பார்த்தான். காட்டை நினைத்தான். வென்டெலின் சங்கிலி காதில் கணீரென்றது. காடு ஜெயித்தது. இரும்புக் கடைக் காந்தம் எஞ்சின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் தொப்பியைக் கழற்றி நின்றான். உண்மையிலேயே மனசு வலித்தது.

காலி வண்டியின் அடியில் ஆர்வில் படுத்தார். வெளியே வரும்போது ஒரு மாதிரி பார்த்தார்.

“கிட்டு நாலு இஞ்சு. பழுதில்ல. அதுக்கு மேல உள்ள கட்டை யார் வெச்சது?”

“அது கிட்டோடயே வந்ததுண்ணே.”

“அப்படியா? வென்டெல்லும் போன வாரம் இதையேதான் சொன்னான். அவன் வண்டியிலயும் இதே கட்டையத்தான் உருவிப் போட்டேன். அவனும் இப்ப நாலுதான்.”

டெல்மாரின் முகம் பூத்தது. வென்டெல்லும் நாலு! நானும் நாலு! “அண்ணே, என்ன யோசனை? உருவுங்க சீக்கிரம்!”

சாயங்காலத்துக்குள் கட்டைகள் வெளியே வந்தன. பம்பர் சட்டத்துக்குள் நின்றது. கண்ணாடியில் புது ஸ்டிக்கர் ஏறியது. சனிக்கிழமை வேட்டை உறுதி. சேற்றை ஒரு கை பார்த்துவிடலாம். அதோடு இன்னொரு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது: வண்டி இரண்டு இஞ்ச் இறங்கிவிட்டதே, இனி கராஜுக்குள்ளும் நிமிர்ந்தபடியே போகும்! சட்டமும் நம் பக்கம், வீடும் நம் பக்கம் என்று பாடிக்கொண்டே வீடு வந்தான்.

அந்த வருஷத்து முதல் பனி தூற ஆரம்பித்திருந்தது. கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு துரும்பு இல்லை. ரோவீனா தரையைக் கழுவிக்கூட விட்டிருந்தாள். அவள் தன் சின்னக் காரில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள்.

“ஸ்டிக்கர் வந்துடுச்சு!” என்று கத்தினான் டெல்மார்.

“ரொம்ப சந்தோஷங்க. சனிக்கிழமைக்கு சாண்ட்விச் கட்டித் தரேன்.” மனசாரத்தான் சொன்னாள். அதில் சந்தேகமில்லை.

அவன் வண்டியை மெதுவாகக் கராஜ் வாசலுக்கு விட்டான்.

டங்.

இறங்கி, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, கூரையைப் பார்த்தான். ஒரே ஒரு இஞ்ச் இடித்தது. தினமும் டயரில் காற்றை இறக்கி ஏற்ற முடியுமா? ஏற்றித் தணிக்கப் பாரமும் இல்லை. வேறு வழியில்லாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பனி விழுகிற ஓரத்தில் நிறுத்தினான். ரோவீனாவின் சின்னக் கார் அவனைக் கடந்து, வழுக்கிக்கொண்டு உள்ளே போய், நட்டநடுவில் நின்றது.

“சே! ஒரே ஒரு இஞ்ச், ரோவீனா! நாலுக்குப் பதிலா மூணு இஞ்ச் கிட்டா இருந்திருந்தா, சேத்துக்கும் போதும், நம்ம கராஜுக்குள்ளயும் போயிருக்குமே!”

ரோவீனா காரிலிருந்து இறங்கி, கோட்டில் ஒரு பொட்டுப் பனிகூட இல்லாமல் அவனைப் பார்த்தாள்.

“தெரியுங்க. கடைக்காரர் மூணு இஞ்சுதான் எடுத்து வெச்சாரு. நான்தான் வீட்டுக்கு ஓடி வந்து கதவை அளந்து பாத்துட்டு, நாலா மாத்தி வாங்கிட்டு வந்தேன்.”