பிரத்தோமோ சொன்ன ஊர்

பிரத்தோமோ வீட்டு வரவேற்பறை மேஜையில், கல்யாண மாப்பிள்ளை இடுப்பில் செருகுகிற கெரிஸ் கத்தி ஒன்று புத்தம்புது உறைக்குள் இருந்தது. எதிரே மதுரா தீவிலிருந்து வந்திருந்த புதுச் சம்பந்தி மத்ராவி உட்கார்ந்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிரத்தோமோ, சம்பந்தி கல்யாணச் சீர் கொண்டுவந்திருக்கிறார் என்று முடிவுகட்டினார்.

கெரிஸைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஊர்க் கொல்லன் அடித்தது என்று சொல்லிவிடுவார் என்று சோலோ நகரத்தில் அவருக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியவரும் அவரே.

கத்தியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, உறையைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தார். மகள் வாழப்போவது இவர்கள் வீட்டில். சம்பந்தி மனம் குளிர வேண்டும்.

"சந்தேகமே இல்ல சம்பந்தி. உங்க மதுரா வேலை."

மத்ராவி விழித்தார். "அப்படியா? எங்க ஊர் இரும்பு கொஞ்சம் சொரசொரன்னு இருக்குமே. இது வழவழன்னுல்ல இருக்கு."

பிரத்தோமோ கத்தியை மறுபக்கம் திருப்பினார். ஆமாம், மதுராக் கொல்லர்களுக்கு இந்த நயமெல்லாம் ஏது, இது எங்கள் சோலோ வேலைதான் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் மத்ராவியின் அப்பாவே கொல்லர் என்று மகள் சொன்னது ஞாபகம் வந்தது.

சமாளிக்க, பாலி என்றார். பாலிக் கத்தி இன்னும் நீளமாக இருக்குமே என்று மத்ராவி தயங்கினார். அப்படியானால் வேறொரு தீவின் பூகிஸ் மக்கள் வேலை என்றார். அது இவ்வளவு ஒல்லியாக இருக்காதே என்றார் அவர். கத்தி கடல் கடலாகத் தாண்டிக்கொண்டிருந்தது. பிரத்தோமோவுக்குத் தெரிந்த தீவுகள் தீர்ந்துபோயின.

சம்பந்தி போலியைக் கொண்டுவந்து வைத்துத் தன்னை ஆழம் பார்க்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. சுருக்கென்று கோபம் வந்தது.

"மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி. இது சுற்றுலாக்காரங்க தலையில கட்டறதுக்குச் சந்தையில விக்கற சாமான். வெங்காயம் நறுக்கக்கூட ஆகாது. இதை மாப்பிள்ளை இடுப்புல செருகினா ஊரே சிரிக்கும்."

மத்ராவி தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த கரண்டிச் சத்தமும் நின்றுபோயிற்று.

அதுவரை வாயே திறக்காமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மத்ராவியின் மனைவி ஹொசைமா, கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்க பையனுக்கு வேற ஏதாவது கொடுத்துடுங்க அண்ணே. இது உங்க தாத்தாவோட கத்தி, மாப்பிள்ளைக்காகப் புது உறை போட்டிருக்கோம்னு உங்க வீட்டம்மாதான் இப்பக் கொண்டுவந்து வச்சுட்டுப் போனாங்க."